இரண்டாவது பிளக்

ஜனவரி 12, ஞாயிறு

மகள் துஷி ஒரு தாள் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியாகிவிட்டது. மூன்று கட்டங்கள்: திகதி, எத்தனை கிலோமீற்றர், எங்கே. ஆறு கிழமைக்கு ஒரு நாள் விடாமல் நிரப்ப வேண்டுமாம்.

என் பழைய காரின் அடிப்பாகத்தை, பனி உருக வீதியில் கொட்டும் உப்புத் தின்றுவிட்டது. இனி திருத்துவதற்கு ஒன்றுமில்லை, வசந்தம் வரை ஓடினால் புண்ணியம் என்று கராஜ்காரன் கையை விரித்துவிட்டான். எனக்கு பிளக்-இன் ஹைபிரிட் வேண்டும் என்று இன்று மத்தியானம் சோறு போடும்போது சொன்னேன். துஷி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, உந்தச் சொல்லை எங்கை பிடிச்சனீங்கள்?"

"வோக்கிங் போற இடத்திலை கதைச்சவை."

"அது என்னெண்டு தெரியுமோ?"

தெரியும் என்றேன். பெற்றோலும் உண்டு, பெரிய பற்றரியும் உண்டு. வீட்டுப் பிளக்கில் கொழுவி ஏற்றினால் கிட்ட ஓட்டமெல்லாம் மின்சாரத்தில். தூரம் போனால் பெற்றோல் எடுத்துக்கொள்ளும். நடுவழியில் நின்றுவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மருமகன் கிருபா கைதட்டினார்.

துஷி வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பரிசோதிக்கிறவள். தாயையும் அப்படித்தான் பரிசோதிப்பாள். நான் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறேன் என்று தெரியாமல் இந்த வகைக் காரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாதாம். அதற்குத்தான் இந்தத் தாள்.

இந்தக் கொப்பி நானாக வாங்கியது. "எங்கே" என்று எழுத அவள் விட்ட கட்டம் எனக்குப் போதாது.

ஜனவரி 13, திங்கள்

வேலை. 18. போக ஒன்பது, வர ஒன்பது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இன்று நாற்பது பேருக்குக் கிழங்கு மசித்தேன்.

ஜனவரி 15, புதன்

புதனும் சனியும் எனக்கு வேலையில்லை. காலையில் மோலுக்குள் நடப்போம். வெளியே சறுக்கி விழுந்து இடுப்பை உடைப்பதைவிட, கடைகள் திறக்குமுன் உள்ளே நாலு சுற்றுச் சுற்றுவது நல்லது. ஆறு பேர் வருகிறோம். அதில் ஒருவர் தில்லைநாதன். அறுபத்தாறு வயது. பஸ் டிப்போவில் முப்பது வருடம் மின்சார வேலை பார்த்து இளைப்பாறியவர். மனைவி காலமாகி ஆறு வருடம். அஜாக்ஸில் தனி வீட்டில் இருக்கிறார். அஜாக்ஸ் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவுக்குக் கிழக்கே, வாவிக்கரையோரம் உள்ள ஊர். அங்கேயும் ஒரு மோல் இருக்கிறதாம். பிறகு ஏன் இவ்வளவு தூரம் வந்து நடக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

அவரிடம் நாலு வருடமாக இந்தக் கார் இருக்கிறது. விற்கிறவனிடம் கேட்பதைவிட வைத்திருக்கிறவரிடம் கேட்பதுதானே முறை. அதனால் நடை முடிந்ததும் அஜாக்ஸுக்குப் போனேன். கார் பார்க்க.

காரைப் பார்த்தேன். கராஜ் சுவரிலிருந்து வயர் வந்து காரின் கன்னத்தில் கொழுவியிருந்தது. வீட்டிலே ரேடியோவுக்குக் குத்துகிற சாதாரணப் பிளக்கிலேயே ஏற்றலாமாம், ஆனால் முழுதாக ஏற ஓர் இரவு முழுக்க வேண்டும். பெரிய பிளக் போட்டால் இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். அவர் பெரிய பிளக் போட்டிருக்கிறார். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கிய பிறகும் ஒரு தேத்தண்ணி குடித்தேன். கண்றாவித் தேத்தண்ணி.

மொத்தம் 56. தாளில் எழுதும்போது பேனை தடுமாறியது. கிலோமீற்றரில் பொய் எழுத ஏலாது, கணக்கே பிழைத்துவிடும். "எங்கே" என்ற கட்டத்தில் "செத்தவீடு" என்று எழுதினேன். இந்த நகரத்தில் ஒரு தமிழ்ப் பொம்பிளை செத்தவீட்டுக்குப் போனேன் என்றால் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. சித்தியின் சம்பந்தியின் அக்கா என்றாலும் போய் முகம் பார்த்துவிட்டுத்தான் வருவோம்.

ஜனவரி 18, சனி

56. செத்தவீடு. காரின் பின்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். பற்றரி அடியில் இருப்பதால் சில கார்களில் சாமான் வைக்கும் இடம் குறைந்துவிடும், ஸ்பெயார் சில்லும் இராது. வாங்கப் போகும்போது அரிசி மூட்டையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டுமாம். நல்ல புத்தி.

இன்று தேத்தண்ணி நான் போட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

துஷி வந்ததும் தாளைப் படித்தாள்.

"ஆரம்மா செத்தது? ஒரு கிழமையிலை ரெண்டு?"

"பழைய ஆக்கள். உனக்குத் தெரியாது."

"தனியவோ போனீங்கள்?"

"பின்னை, மேளத்தோடையோ போறது?"

அவள் சிரிக்கவில்லை. நித்திரை வருகிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறேனா என்று கேட்டாள். போகும்போது வாசலில் நின்று என்னைக் கட்டிப்பிடித்தாள். சும்மா சும்மா கட்டிப்பிடிக்கிற பிள்ளை அல்ல அவள்.

ஜனவரி 22, புதன்

வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை உறைகுளிர். இன்றைக்குத்தான் பார்க்க வேண்டும் வாங்கோ என்று என்னைத் தன் காரில் ஏற்றினார். வாவிக்கரையோரம் ஓடினோம். கோடையில் அறுபது கிலோமீற்றர் ஓடுகிற பற்றரி இன்று முப்பத்தெட்டுத்தான் என்று காட்டியது. ஹீற்றரைக் கூட்டினால் பெற்றோல் எஞ்சினும் தானாக ஸ்ராட் எடுத்துக்கொள்கிறது.

"விக்கிறவன் கோடைக் கணக்குத்தான் சொல்லுவான். நீங்கள் குளிர்க் கணக்கைத்தான் கேக்கோணும்" என்றார்.

வாவி பாதி உறைந்திருந்தது. காரில் சத்தமே இல்லை. இரண்டு பேர் பேசாமல் இருப்பது காதுக்குக் கேட்கிற மாதிரி அவ்வளவு அமைதி. நான்தான் பொறுக்க மாட்டாமல் கிழங்கு விலையைப் பற்றி எதையோ சொன்னேன். பிறகு என் இருக்கையின் சூட்டை அவர் கூட்டிவிட்டார், நான் கேட்காமலே.

சாப்பாட்டு மேசைக்கு மேலே அவர் மனைவியின் படம் இருக்கிறது. நல்ல சிரிப்பு. வந்தவுடன் படத்துக்கு நேரே இருக்காமல் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். ஏனென்று தெரியவில்லை.

56. செத்தவீடு.

ஜனவரி 25, சனி

56. செத்தவீடு. மரக்கறிப் புட்டு அவித்துக் கொண்டுபோனேன். கார் பற்றிக் கதைக்க மறந்துவிட்டோம்.

ஜனவரி 29, புதன்

56.

பெப்ரவரி 2, ஞாயிறு

நேற்றையதோடு ஆறு. துஷி தாளுக்கு முன்னால் கனநேரம் நின்றாள்.

"நேற்று ஆர்?"

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டேன். "தங்கராசா மாஸ்ரர்."

"ஐயோ! எனக்குக் கணக்குப் படிப்பிச்சவரெல்லே! ஏனம்மா சொல்லேல்லை? நானும் வந்திருப்பனே."

மாஸ்ரர் எனக்கு ஒரு தீமையும் செய்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அந்த ஞாபகத்தில் வாயில் வந்திருக்க வேண்டும். பாவம், நீடூழி வாழட்டும்.

பெப்ரவரி 5, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் எங்கள் கட்டடத்துக் காரியாலயத்துக்குப் போய், நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் எனக்கு ஒரு பிளக் பொயின்ற் தர முடியுமா என்று கேட்டேன். நூற்றெண்பது வீட்டுக்காரர், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள், முடியாது. கதை முடிந்தது.

அஜாக்ஸுக்குப் போய்க் கோபத்தோடு சொன்னேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"அப்ப இந்தக் காரை வாங்காதேங்கோ."

"என்ன? இவ்வளவு நாளும் படிப்பிச்சுப்போட்டு!"

"ஞானம், நான் முதல் நாளே சொல்லியிருக்கோணும். இந்த வகைக் காருக்கு ஒரேயொரு கேள்விதான். இரவிலை கார் எங்கை நிக்கும்? அங்கை பிளக் இருக்கோணும். பிளக் இல்லாதவை இதை வாங்கினால் பாரமான பற்றரியையும் சுமந்துகொண்டு பெற்றோலிலை ஓடுறதுதான். சாதாரண காரை விடக் கூடக் குடிக்கும். என்னோடை வேலை செய்த ஒருத்தன் வாங்கி மூண்டு வருசம், வயரை உறையாலை வெளியிலை எடுக்கேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு காருக்காக அழுகிறேனே என்று வெட்கமாயும் இருந்தது. அவர் எழுந்து ஜன்னலடிக்குப் போய் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் மீதியைச் சொன்னார்.

"மார்ச் எட்டாந்திகதி எலெக்ரீசியன் வாறான். மெயின் பெட்டி பழசு, மாத்தப் போறன். கராஜிலை ஒரு பிளக் இருக்குது. இடம் ரெண்டு காருக்கு இருக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "இஞ்சையிருந்து உங்கட வேலைக்குப் பத்தொன்பது கிலோமீற்றர். போய்வர முப்பத்தெட்டு. உறைகுளிரிலையும் பற்றரி காணும். ரெண்டாவது பிளக் ஒண்டு போடட்டோ?"

நான் தேத்தண்ணி ஆறிவிட்டது என்று சொன்னேன். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்தொன்பது என்று எப்போது அளந்தார்? ஓடிப் பார்த்திருக்கிறார். என் வேலையிடத்து வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்.

56. செத்தவீடு.

பெப்ரவரி 6, வியாழன்

அவர் கேட்டது பிளக்கைப் பற்றி. பிளக்கைப் பற்றி மட்டும்தான். அறுபது வயதுப் பொம்பிளை வேறெதையும் நினைத்துக் குழம்பக் கூடாது.

வேலையில் கஞ்சிக்கு உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

துஷி வரவில்லை. தொலைபேசி எடுத்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, தங்கராசா மாஸ்ரரைக் கண்டனான்."

"எங்கை?"

"மரக்கறிக் கடையிலை. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிண்டவர்."

நான் வேறு தங்கராசாவைச் சொன்னேன் என்றேன். மானிப்பாய்த் தங்கராசா. அவள் "ஓம் அம்மா" என்று மெல்லச் சொன்னாள். வழக்கமாக இப்படி அகப்பட்டால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இன்று ஒன்றும் சொல்லவில்லை. இருபதாம் திகதி டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறாளாம், சும்மா ஒரு பரிசோதனைக்கு. கொலஸ்ரரோலாக இருக்கும். அவளுக்கு அதுதான் எந்நேரமும் யோசனை.

பெப்ரவரி 12, புதன்

நடைக்குப் போனேன். அவர் வரவில்லை. எட்மன்ரனில் உள்ள மகனிடம் போய்விட்டாராம், இரண்டு கிழமைக்கு. மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் யார்?

மோல் 7 கிலோமீற்றர். தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

பெப்ரவரி 13, வியாழன்

18.

பெப்ரவரி 14, வெள்ளி

18.

பெப்ரவரி 15, சனி

காரே எடுக்கவில்லை. துஷியின் அப்பாவின் படத்தைத் துடைத்தேன். பூ மாற்றினேன். பதினொரு வருடமாக நான் எதைச் செய்ய முன்னும் இந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். இந்த முறை கேட்கவில்லை. கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்று தெரியும். அவர் ஒரு நாளும் எதற்கும் மாட்டேன் என்றதில்லை. அதனால்தான் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

பெப்ரவரி 20, வியாழன்

டொக்டர் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை. இரத்த அழுத்தம் பார்த்தா, நெஞ்சுக்குக் குழாய் வைத்தா. பிறகு கதிரையை இழுத்துக் கிட்ட இருந்துகொண்டு என்னென்னவோ கேட்டா. தனிமையாக இருக்கிறதா? சாவைப் பற்றி அடிக்கடி நினைக்கிறீர்களா? செத்தவீடுகளுக்குக் கனதரம் போவீர்களா?

இந்தப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? நம் ஆட்கள் எல்லாரும் போகிறவர்கள்தானே, பொதுவாகக் கேட்டிருப்பா.

"போறனான்தான். ஆனால் கவலையோடை போறேல்லை" என்றேன். அவ அதை எழுதிக்கொண்டா.

பெப்ரவரி 26, புதன்

அவர் நடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். மகன் வீட்டில் மூன்று நேரமும் பாணும் பட்டரும்தான் போலிருக்கிறது. நாலாவது சுற்றில் மற்றவர்களை முன்னே போக விட்டுவிட்டு என்னோடு நடந்தார்.

மகன் வீட்டை விற்றுவிட்டு வரச் சொல்கிறானாம். சித்திரையில் விற்றால் நல்ல விலை போகுமாம்.

"உங்களை நெருக்கேல்லை, ஞானம். ரெண்டாவது பிளக் தேவையில்லையெண்டால் நான் வித்துப்போட்டுப் போறன். அந்த வீட்டிலை இனித் தனிய இருக்க எனக்கு ஏலாது. தேவையெண்டால், நீங்கள் விரும்பின மாதிரி. பதிஞ்சு செய்யலாம், கோயிலிலை செய்யலாம், ஒண்டும் செய்யாமலும் இருக்கலாம்."

நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். மகளுக்குச் சொல்லப் பயமாக இருக்கிறது என்றேன். அவளுக்கு அப்பா என்றால் உயிர். அவளின் மாமியார் என்ன சொல்வா, பேரப்பிள்ளைகளுக்கு என்னவென்று சொல்வது? அஜாக்ஸுக்கு வந்துபோவதைக்கூட அவளிடம் சொல்லவில்லை என்றேன்.

"அப்ப எங்கை போறனெண்டு சொன்னனீங்கள்?"

சொன்னேன்.

அவர் நின்றுவிட்டார். பூட்டிக் கிடந்த ஒரு சப்பாத்துக் கடைக்கு முன்னால்.

"என்ரை வீட்டைச் செத்தவீடு எண்டே எழுதினீங்கள்?"

நான் விளையாட்டாகச் சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"ஆறு வருசமாய் அது செத்தவீடுதான், ஞானம். நீங்கள் வாற நாளிலைதான் அப்பிடி இல்லை."

சொல்லிவிட்டுத் தன் பாட்டில் நடந்து போய்விட்டார். நான் அந்தச் சப்பாத்துக் கடைக்கு முன்னால் நின்று அழுதேன். காவலாளி வந்து, ஏதும் வேண்டுமா என்று கேட்டான்.

என்னைப் போல ஒரு மடைச்சி இந்த உலகத்தில் இல்லை.

மார்ச் 1, சனி

தாளின் கடைசி நாள் கடந்து போய்விட்டது. நாளைக்குத் துஷியும் கிருபாவும் கணக்குப் பார்த்து முடிவு சொல்ல வருகிறார்கள். ஏழு இடத்தில் செத்தவீடு என்று இருக்கிறது. பேனையை எடுத்தேன், வெட்டி எழுதலாம் என்று. பிறகு வைத்துவிட்டேன். வெட்டினால் அது இன்னொரு பொய்.

இறால் வாங்கி உரித்து வைத்திருக்கிறேன். துஷிக்குப் பிடிக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

சாப்பிட்டு முடிந்ததும் துஷி கணினியைத் திறந்தாள். கிருபா தாளைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்.

"மாமி, உங்கட ஓட்டம் குறைவு" என்று அவர்தான் தொடங்கினார். "கூடுதலான நாள் பதினெட்டுத்தான். பற்றரிக்குள்ளை அடங்கும். ஆனால் இந்தக் கட்டடத்திலை ஏத்த வழியில்லை. பிளக் இல்லாமல் பிளக்-இன் வாங்கிறதிலை அர்த்தமில்லை. சாதாரண ஹைபிரிட் எடுங்கோ. அது தன்ரை பாட்டிலை ஏத்திக்கொள்ளும்."

"எனக்குப் பிளக்-இன் தான் வேணும்."

"அம்மா, விளங்கிக்கொண்டுதான் சொல்லுறியளோ? வயரை எங்கை கொழுவப் போறியள், பதினோராம் மாடியிலையிருந்து விடுறதோ?"

துஷி கணினியை மூடினாள். தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சரி, காரை விடுங்கோ. இதைச் சொல்லுங்கோ. ஏழு செத்தவீடு. ஏழும் ஐம்பத்தாறு கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றர் கூடவுமில்லை, குறையவுமில்லை. எல்லாரும் ஒரே வீட்டிலையோம்மா சாகினம்?"

கிருபா எழுந்து போய்க் குழாயைத் திறந்து கோப்பை கழுவத் தொடங்கினார். நல்ல மனிதன்.

"கிலோமீற்றர் உண்மை" என்றேன். "கணக்குப் பிழைக்கக் கூடாதெண்டு அதிலை ஒண்டும் மாத்தேல்லை."

"அப்ப எது பொய்?"

"செத்தவீடு."

அவள் காத்திருந்தாள். கடன் கேட்டு வருகிறவர்கள் அவள் முன்னால் இப்படித்தான் இருப்பார்கள் போல.

"இந்தக் கார் இரவிலை இஞ்சை நிக்காது, பிள்ளை. அஜாக்சிலை நிக்கும். தில்லைநாதன் எண்டு ஒராள். எங்களோடை நடக்கிறவர். அவரின்ரை கராஜிலை எனக்கொரு பிளக் போடட்டோ எண்டு கேட்டவர். நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது, மூன்று வரியில் முடிந்துவிட்டது.

துஷியின் முகம் சிவந்தது. பிறகு குனிந்து தாளின் மேலேயே அழத் தொடங்கினாள். சின்னப் பிள்ளையில் அழுகிற மாதிரி, தோள் குலுங்க.

"நான் என்ன நினைச்சன் தெரியுமோ? நீங்கள் தெரியாத ஆக்களின்ரை செத்தவீடெல்லாம் தேடித்தேடிப் போறியள் எண்டு நினைச்சன். பொய்ப் பேரும் சொல்லேக்கை, மூளையிலை ஏதோ எண்டு நினைச்சன். சாகிற எண்ணம் வந்திட்டுதோ எண்டு. ஆறு கிழமையாய் எனக்கு நித்திரை இல்லையம்மா! டொக்டரோடை நான்தான் கதைச்சனான்."

வாசலில் அவள் என்னைக் கட்டிப்பிடித்தது, சாப்பிட்டீங்களோ என்று கேட்டது, அதட்டாமல் தொலைபேசியை வைத்தது எல்லாம் இதனாலா? நான் அங்கே ஒருவருக்குப் புட்டு அவித்துக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை இங்கே நான் செத்துவிடுவேன் என்று விழித்துக் கிடந்திருக்கிறாள்.

தலையைத் தடவப் போனேன். விலகிக்கொண்டாள்.

"அப்பா?" என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லைத்தான்.

"அப்பாவை நான் ஒரு இடமும் விட்டிட்டுப் போகேல்லை, துஷி. அவர் என்னோடை தான் வருவார். ஆனால் அவரோடை தேத்தண்ணி குடிக்க ஏலாது. பதினொரு வருசம் முயற்சி செய்து பாத்திட்டன்."

அவள் எழுந்து முகம் கழுவினாள். கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கிருபா மட்டும் கதவடியில் திரும்பி, "இறால் நல்லாயிருந்தது, மாமி" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

மார்ச் 3, திங்கள்

18. துஷி தொலைபேசி எடுக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

18. எடுக்கவில்லை.

மார்ச் 5, புதன்

நடைக்குப் போகவில்லை. மாலையில் நானே அவளுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மார்ச் 6, வியாழன்

வேலை முடிந்து தரிப்பிடத்திலே காருக்குள் இருந்து யோசித்தேன். துஷி சரி என்று சொன்னால் நான் அவருக்குச் சரி சொல்வேன், வேண்டாம் என்றால் வேண்டாம் என்பேன் என்றுதான் நாலு நாளாகக் காத்திருக்கிறேன். அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அவளும் இல்லை. அந்த மனிதர் கேட்டது என்னை.

எஞ்சினைப் போடாமல், குளிரிலே இருந்து, அவருக்கு எடுத்தேன்.

"ஹலோ" என்றார். குரல் தளர்ந்திருந்தது.

"போடுங்கோ" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. "என்ன?" என்றார்.

"ரெண்டாவது பிளக். போடுங்கோ. மகளுக்குச் சொல்லிப்போட்டன். அவ கோவம். கோவம் தீருமோ எண்டு தெரியாது. எண்டாலும் போடுங்கோ. உங்கட வீட்டை அப்பிடி எழுதினதுக்கு என்னை மன்னிக்கோணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. மகள் பேசாமல் இருக்கும்போது இவ்வளவு சந்தோசப்படலாமா என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன, வீடு வந்து சேரும் வரை.

மார்ச் 8, சனி

காலை ஒன்பது மணிக்குத் துஷியிடமிருந்து ஒரு செய்தி. "விலாசம் அனுப்புங்கோ." அவ்வளவுதான். அஜாக்ஸ் விலாசத்தை அனுப்பினேன். இரண்டு தரம் பிழையாய் அடித்துத் திருத்தினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எலெக்ரீசியன் வேலையைத் தொடங்கிவிட்டான். அவர் இஸ்திரி போட்ட சேட்டுக்கு மேலே இன்னொரு இஸ்திரி போட்டவர் போல விறைப்பாக நின்றார். மகள் வரக்கூடும் என்றேன். போய்ச் சேட்டை மாற்றிக்கொண்டு வந்தார். முந்தியதே நன்றாக இருந்தது, நான் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குத் துஷியின் கார் வந்து நின்றது. தனியாக வந்தாள். "வாங்கோ பிள்ளை" என்று அவர் கதவைத் திறந்தார். "வணக்கம் அங்கிள்" என்றாள். கண் தரையில். உள்ளே வந்து இருக்கச் சொன்னதற்கு, வேண்டாம், நிற்கிறேன் என்றாள். ஜக்கெற்றின் பொத்தான் கழுத்து வரை பூட்டியிருந்தது. அவர் மனைவியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பிளக் எங்கை போடினம்?" என்று கேட்டாள்.

மூவரும் கராஜுக்குள் போனோம். எலெக்ரீசியன் சுவரில் தன் கண்ணளவு உயரத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டிருந்தான். முதல் பிளக்கும் அதே உயரம். வரிசையாக இருந்தால் பார்க்க வடிவாக இருக்கும் என்றான். அவரும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

துஷி சுவரடிக்குப் போனாள். அடையாளத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இஞ்சை வாங்கோ. வலது கையைத் தூக்குங்கோ."

தூக்கினேன். தோளுக்குச் சற்று மேலே போனதும் எனக்கு முகம் சுருங்கியது. மறைக்கப் பார்த்தேன். அவள் அதற்குள் கண்டுவிட்டாள். எலெக்ரீசியனிடமிருந்து பென்சிலை வாங்கினாள். என் இடுப்புயரத்தில், கை மடிந்தபடி நிற்கிற இடத்தில், புதிதாக ஒரு கோடு கீறினாள். பழையதை விரலால் அழித்தாள்.

"இதிலை போடுங்கோ அண்ணை. வடிவு பரவாயில்லை. அவவுக்கு வலது தோள் ஏலாது. ஒவ்வொரு நாளும் கொழுவிறது அவதானே." பிறகு அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அங்கிள், அம்மா நோகுதெண்டு வாயாலை சொல்ல மாட்டா. நீங்கள்தான் பாத்துக்கொள்ளோணும்."

"ஓம் பிள்ளை, தெரியும்" என்றார் அவர். "தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையாலைதான் எடுக்கிறவ. அதுதான் நான் அவவின்ரை கோப்பையை எப்பவும் இடப்பக்கம் வைக்கிறனான்."

எனக்கே அது தெரியாது. ஏழு நாள் அந்த மேசையில் இருந்திருக்கிறேன், கவனிக்கவில்லை.

துஷி அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தரம். கனநேரம் பார்த்தாள். பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஜக்கெற்றை எங்கே கொழுவுவது என்று அவரிடம் கேட்டாள்.